வயிற்றில் அடிபட்டு நடந்து வருகிறவரை வைத்திருப்பதா, அனுப்புவதா?

படுவான்கரை_எம்ஓ · செவ்வாய், இரவு 10.12

ஒன்றரை வருடமாக, மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் ஒரு பிரதேச வைத்தியசாலையில் வைத்திய அதிகாரியாக இருக்கிறேன். ஊர்ப் பெயர் வேண்டாம். சத்திரசிகிச்சைத் தியேட்டர் இல்லை, சி.டி. ஸ்கேன் இல்லை, இரத்த வங்கி இல்லை. அம்புலன்ஸ் ஒன்று உண்டு. இரவில் வார்ட்டுக்கும் ஓ.பி.டி.க்கும் சேர்த்து நான் ஒருவன்தான்.

போன வெள்ளாமை வெட்டு நேரம் வந்த ஒருவரைப் பற்றிக் கேட்கிறேன். 24 வயது. லேண்ட்மாஸ்டர் (கையால் பிடித்து ஓட்டும் இரு சக்கர உழவு இயந்திரம்) வரம்பில் ஏறிக் குதித்ததில் கைபிடி இடப்பக்க விலாவுக்குக் கீழே குத்தியிருக்கிறது. அடிபட்டது பின்னேரம் 4 மணி. 5 மணிக்குத் தானே நடந்து வந்தார். நாடி 92, பிரஷர் 124/76. வயிறு மெத்தென்று இருந்தது, அடிபட்ட இடத்தில் மட்டும் தொட்டால் நோ. "ரெண்டு பனடோல் தாங்க சேர், நெல்லு வெளியில கிடக்கு" என்றார். ஏனோ மனம் வரவில்லை, கட்டிலில் போட்டேன்.

8 மணிக்கு, "படுத்தா இடது தோள் உளையுது, எழும்பி இருந்தா சுகமா இருக்கு" என்றார். தோளைப் பிடித்துப் பார்த்தேன், முறிவு இல்லை. வலிக்கு டைக்ளோஃபெனாக் எழுதிவிட்டுப் போய்விட்டேன். 8.30க்கு மிஸ்ஸி (தாதி) கூப்பிட்டார். ஆள் வியர்த்திருந்தார். நாடி 116, பிரஷர் 112/90. 9.10க்கு அம்புலன்ஸ் புறப்பட்டது. அன்றிரவே மண்ணீரலை எடுத்தார்கள். பிழைத்துவிட்டார்.

பிழைத்தார் என்பதால் யாரும் என்னை ஒன்றும் கேட்கவில்லை. நான்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். 5 மணிக்கே அனுப்பியிருக்க வேண்டுமா? எந்த உறுப்பு உடைந்தது என்று கண்டுபிடிக்க வழியில்லாத இடத்தில் நீங்கள் எதை வைத்து முடிவெடுக்கிறீர்கள்?

கத்தியும்_நூலும் · செவ்வாய், இரவு 10.51

தம்பி, நான் சத்திரசிகிச்சைப் பக்கம். முதலில் அந்தத் தோள்.

அது தோள் நோ அல்ல. மண்ணீரலிலிருந்து வடியும் இரத்தம் இடது உதரவிதானத்துக்குக் கீழே தேங்கி அதை உறுத்துகிறது. உதரவிதானத்தின் நரம்பு கழுத்திலிருந்து இறங்கி வருவது. அதே கழுத்து நரம்பு வேர்கள்தான் தோளின் தோலுக்கும் போகின்றன, அதனால் மூளை தோள் என்று நினைத்துக்கொள்கிறது. படுத்தால் இரத்தம் மேலே ஓடித் தேங்கும், நோ கூடும். இருந்தால் இறங்கும், குறையும். கேர் அடையாளம் என்று மூன்றாம் வருடத்தில் படித்திருப்பீர்கள். உங்கள் நோயாளி அதைப் புத்தகத்தில் இருப்பதைவிடத் தெளிவாகச் சொல்லியிருக்கிறார்.

அடுத்தது பிரஷர். மேல் எண் 124, பிறகு 112. "பரவாயில்லை" என்று தோன்றும். கீழ் எண்ணையும் சேர்த்துப் பாருங்கள். 5 மணிக்கு இடைவெளி 48. 8.30க்கு 22. இரத்தம் குறையக் குறைய உடம்பு நாளங்களை இறுக்கிப் பிடிக்கிறது, கீழ் எண் ஏறி இடைவெளி ஒடுங்குகிறது. மேல் எண் விழுவது கடைசியில்தான். 70 கிலோ ஆளுக்கு உடம்பில் 5 லீற்றர் இரத்தம். இளம் ஆள் அதில் ஒன்றரை லீற்றர் போகும்வரை மேல் எண்ணைத் தாங்கிப் பிடிப்பார். அப்புறம் படியில் தவறியது போல ஒரேயடியாக விழும்.

எந்த உறுப்பு என்ற கேள்வியை எங்களுக்கு விடுங்கள். இரத்தம் கசிகிறதா, குடல் கிழிந்திருக்குமா, இவரை மணிக்கணக்கில் பார்த்துக்கொண்டிருக்க என்னிடம் ஆள் இருக்கிறதா: இந்த மூன்றும்தான் உங்கள் கட்டிலுக்கு உரியவை. மூன்றாவதற்கு "இல்லை" என்றால் முதல் இரண்டுக்கும் பதில் தெரியும்வரை காத்திருக்க வேண்டாம்.

பொத்துவில்_றோட்டு · செவ்வாய், இரவு 11.20

சேர் சொல்வது சரி. ஆனால் உங்கள் பக்கத்து ஆட்களே போனில் வேறு மாதிரிக் கதைக்கிறார்கள். "ஸ்டேபிளான ஆளை எதுக்கு அனுப்புறீங்க, வார்ட்டில் பாயில் கிடக்கிறார்கள்" என்று இரண்டு தடவை வாங்கிக் கட்டியிருக்கிறேன். அனுப்பாமல் வைத்திருந்து பிந்தினால் "ஏன் பிந்தினீங்கள்". எங்கள் அம்புலன்ஸ் ஒன்று போனால் கூடவே ஒரு மிஸ்ஸியும் போக வேண்டும், வார்ட்டில் மிஞ்சுவது ஒருவர். திரும்பி வர மூன்று, நான்கு மணித்தியாலம். அதற்குள் ஒரு பிரசவமோ நெஞ்சு நோவோ வந்தால்?

கத்தியும்_நூலும் · செவ்வாய், இரவு 11.34

வாங்கிக் கட்டியது உண்மையாக இருக்கும், மறுக்கவில்லை. ஒரு வேலை செய்யுங்கள். போனில் "ஸ்டேபிள்" என்ற சொல்லையே எடுக்காதீர்கள். அது எதையும் சொல்லாத சொல். உதாரணத்துக்கு, "5 மணிக்கு 92, 124/76. 6 மணிக்கு 98, 120/82. 7 மணிக்கு 106, 116/86" என்று வாசியுங்கள். மறுபக்கத்தில் இருப்பவன் பேனாவை எடுப்பான்.

இரவு_டியூட்டி_மிஸ்ஸி · புதன், காலை 6.05

டியூட்டி முடிந்து பஸ்ஸுக்கு நிற்கும்போது எழுதுகிறேன். அந்த 5 மணிக்கும் 8.30க்கும் நடுவில் சார்ட்டில் என்ன இருந்தது டொக்டர்? நீங்கள் சொல்லவில்லை. நான் சொல்லட்டுமா, வெறும் கோடு. நாலு மணித்தியாலத்துக்கு ஒருக்கா என்று எழுதியிருப்பீர்கள், நாங்களும் அப்படியே எடுத்திருப்போம்.

வயிற்றில் அடி என்றால் முதல் இரண்டு மணித்தியாலம் 15 நிமிடத்துக்கு ஒருக்கா, பிறகு அரை மணிக்கு ஒருக்கா என்று நீங்கள் கையால் எழுதித் தந்தால்தான் அது நடக்கும். நாடியை மெஷினில் பார்க்காமல் கையில் பிடித்துப் பார்ப்பது என் பழக்கம். கை குளிர்ந்திருப்பது மெஷினுக்குத் தெரியாது. அட்மிட் பண்ணும்போது ஒருக்கா, பத்து நிமிடம் கழித்து ஒருக்கா உள்ளங்கையைப் பிடித்துப் பார்ப்பேன். இரண்டாம் முறை ஈரமாக இருந்தால் டொக்டர் தூங்கினாலும் எழுப்பிவிடுவேன், ஏசினாலும் பரவாயில்லை.

அப்புறம், தொப்புள் மட்டத்தில் பேனாவால் கோடு போட்டு டேப்பால் சுற்றளவு எடுப்போமே, அதை எத்தனை மணிக்கு ஒருக்கா எடுப்பது நல்லது?

கத்தியும்_நூலும் · புதன், காலை 7.40

மிஸ்ஸி, கோபிக்க வேண்டாம், அந்த டேப்பை விட்டுவிடுங்கள். வயிற்றுக்குள் ஒரு லீற்றருக்கு மேல் இரத்தம் நின்றும் சுற்றளவு கண்ணுக்குத் தெரியாத அளவுதான் மாறும். காற்று நிறைந்தாலும் வீங்கும், டேப் கொஞ்சம் சரிந்து பிடித்தாலும் மாறும். டேப் மாறவில்லை என்று நிம்மதியடைந்து பிந்திய ஆட்களைத்தான் நான் கண்டிருக்கிறேன். ஆனால் உங்கள் உள்ளங்கை வித்தையை எங்கள் பொடியன்களுக்கும் சொல்லப்போகிறேன்.

இரவு_டியூட்டி_மிஸ்ஸி · புதன், காலை 7.58

20 வருடம் டேப் பிடித்தேன். சரி.

பொத்துவில்_றோட்டு · புதன், மதியம் 1.15

எங்களிடம் கையடக்க ஸ்கேன் இருக்கிறது, வயிற்றுக்குள் இரத்தம் தேங்கியிருக்கிறதா என்று தேடும் ஃபாஸ்ட் பார்க்கப் பழகியும் இருக்கிறேன். ஈரலுக்கும் வலது சிறுநீரகத்துக்கும் நடுவே, மண்ணீரலுக்கும் இடது சிறுநீரகத்துக்கும் நடுவே, இடுப்புக் குழிக்குள், இதயத்தைச் சுற்றி என்று நாலு இடம். மூன்று நிமிட வேலை. இது இருந்தால் படுவான்கரை நண்பர் 5 மணிக்கே கண்டிருப்பாரா என்றால், உறுதியில்லை. குறைந்தது 200 மில்லிலீற்றராவது தேங்கினால்தான் எங்கள் கண்ணுக்குக் கறுப்பாகத் தெரியும். 5 மணிக்கு அவ்வளவு இருந்திருக்காது. 6.30க்கு மறுபடி வைத்திருந்தால் தெரிந்திருக்கும்.

ஸ்கேனால் நானே ஏமாந்த கதை ஒன்று. 9 வயதுப் பையன், சைக்கிளில் விழுந்து ஹேண்டில் முனை வயிற்றில் குத்தியது. தொப்புளுக்கு மேலே ஐந்து ரூபாய்க் குற்றி அளவில் வட்டமாக ஒரு சிவப்பு. வேறு ஒன்றுமில்லை. ஸ்கேன் சுத்தம். அன்று நான் வேலை செய்த இடத்தில் கட்டிலும் இல்லை. "ஒன்றுமில்லை வாப்பா, கூட்டிட்டுப் போங்க" என்று தகப்பனிடம் சொன்னேன். மூன்றாம் நாள் பச்சையாக வாந்தியெடுத்துக்கொண்டு, வயிறு பலகை மாதிரி, காய்ச்சலோடு தூக்கி வந்தார்கள். சிறுகுடலில் ஓட்டை. முதல் சில மணித்தியாலத்தில் கிழிந்த குடலிலிருந்து ஸ்கேனில் தெரியும் அளவுக்கு ஒன்றும் வெளியே வராது. கணையமும் முன்சிறுகுடலும் முதுகெலும்போடு ஒட்டிப் பின்னால் கிடப்பவை. அங்கே நடப்பதை ஸ்கேன் காட்டவே காட்டாது.

அந்த வட்டம் இப்போதும் கண்ணுக்குள் நிற்கிறது. அதைக் கண்டால் ஸ்கேனில் என்ன தெரிந்தாலும் தெரியாவிட்டாலும் குழந்தையை நான் வீட்டுக்கு விடுவதில்லை. காரின் சீட் பெல்ட் தடம் வயிற்றில் பதிந்து வந்தாலும் அதே கணக்கு.

மயக்கமருந்து · புதன், இரவு 9.03

ஸ்கேனுக்காக அம்புலன்ஸை நிறுத்தி வைக்கும் பழக்கம் ஒன்று வளர்ந்து வருகிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். நாடி 120, கை குளிர்ச்சி, வயிற்றில் அடி. இங்கே ஸ்கேனில் இரத்தம் தெரிந்தாலும் அனுப்பத்தான் போகிறீர்கள், தெரியாவிட்டாலும் அனுப்பத்தான் போகிறீர்கள். வண்டி வரும்வரை பாருங்கள். வந்த பிறகு பார்க்க வேண்டாம்.

நாடியை மேல் பிரஷரால் வகுத்துப் பாருங்கள். சுகமாக இருக்கும் ஆளுக்கு 0.5 முதல் 0.7 வரை வரும். ஒன்றை நெருங்கினால் ஆள் இரத்தம் இழந்துகொண்டிருக்கிறார் என்றே எடுத்துக்கொள்ளலாம். இந்தத் தம்பியுடையது 5 மணிக்கு 0.74. 8.30க்கு 1.04. ஒரு எச்சரிக்கை: பிரஷருக்கு அட்டெனோலோல் குடிக்கும் வயதானவருக்கு நாடி ஏறாது, அங்கே இந்தக் கணக்குப் பொய் சொல்லும்.

ஓய்வுபெற்ற_டிஎம்ஓ · புதன், இரவு 9.47

தம்பிமார் கணக்கெல்லாம் போடுகிறீர்கள், சந்தோசம். எங்கள் காலத்தில் மண்முனையில் பாலம் இல்லை. 2014இல்தான் திறந்தார்கள். அதற்கு முதல் கொக்கட்டிச்சோலைப் பக்கத்திலிருந்து ஆளைக் கொண்டு போவதென்றால் ஆற்றைப் படகுப்பாதையில் கடக்க வேண்டும், இல்லையென்றால் சுற்றிப் போக வேண்டும். இரவில் அக்கரையில் நிற்கும் பாதைக்கு டோர்ச் அடித்துக் காத்திருப்போம். அதனால்தான் நாங்கள் இரண்டு கையிலும் சேலைனைத் திறந்து விட்டு, இரண்டு லீற்றர், மூன்று லீற்றர் என்று ஓட விட்டோம். பிரஷர் ஏறும். ஆறு கடக்கும்வரை தாங்கும். இப்போது அதுவும் பிழை என்கிறார்களே?

வயிற்றில் ஊசி போட்டும் பார்ப்போம். உறையாத இரத்தம் வந்தால் உடனே கட்டு, அனுப்பு.

மயக்கமருந்து · புதன், இரவு 10.30

ஐயா, நீங்கள் பார்த்த ஏற்றம் உண்மைதான். ஆனால் இரத்தம் கசியும் ஓட்டையில் உடம்பு ஒரு கட்டியை வைத்து அடைத்திருக்கிறது. பிரஷரை 130க்கு ஏற்றினால் அந்தக் கட்டி பிடுங்கிக்கொண்டு போகும். அதோடு சேலைனில் இரத்தம் உறைய வைக்கும் பொருள் ஒன்றும் இல்லை, இருப்பதையும் தண்ணியாக்கும். ஆளையும் குளிரப்பண்ணும். குளிர்ந்த இரத்தம் உறையாது. அதனால் இப்போது வளர்ந்தவருக்கு ஒரு லீற்றரோடு நிறுத்தி யோசிக்கச் சொல்கிறார்கள், அதுவும் 250 மில்லிலீற்றராகப் பிரித்துக் கொடுத்து. மேல் பிரஷர் 80, 90இல் நின்று, ஆள் கூப்பிட்டால் பேசினால் போதும். தலையிலும் அடிபட்டிருந்தால் மட்டும் இது பொருந்தாது. மூளைக்கு 90 போதாது, அங்கே 110 வரையாவது பிடிக்க வேண்டும்.

சேலைனுக்குப் பதிலாக உங்கள் கையில் இருக்கும் ஒன்றைச் சொல்கிறேன்: டிரானெக்ஸாமிக் அமிலம். பெண்நோயியல் வார்ட்டில் அதிகமான மாதவிடாய்ப் போக்குக்குக் கொடுக்கும் அதே மருந்து. 1 கிராமை 10 நிமிடத்தில் நாளத்தில் ஏற்றுங்கள், அடுத்த 1 கிராம் 8 மணித்தியாலத்துக்கு. 2010இல் வெளியான கிராஷ்-2 ஆய்வில் 20,000க்கும் மேற்பட்ட காயக்காரருக்குப் பார்த்து, இறப்பைக் குறைக்கிறது என்று கண்டார்கள். அடிபட்டு 3 மணித்தியாலத்துக்குள் கொடுக்க வேண்டும். அதற்குப் பிந்தினால் நன்மை இல்லை, கேடு வரலாம் என்றும் அதே ஆய்வில் தெரிந்தது. போதனா வைத்தியசாலைக்கு வந்து நாங்கள் போடும்போது பாதிப் பேருக்கு மூன்று மணித்தியாலம் தாண்டிவிடுகிறது. அந்த முதல் கிராம் உங்கள் கையில்தான் இருக்கிறது.

டைக்ளோஃபெனாக் எழுதியதைப் பற்றி யாரும் சொல்லவில்லை. அது இரத்தத் தட்டுக்களையும் குழப்பும், இரத்தம் குறைந்த சிறுநீரகத்தையும் அடிக்கும். மோர்ஃபின் 2, 3 மில்லிகிராமாக நாளத்தில் கொடுங்கள். வலி மருந்து கொடுத்தால் வயிற்றின் அடையாளம் மறையும் என்பது பழைய பயம். வலி குறைந்த ஆள் வயிற்றைத் தொடவாவது விடுவார்.

கத்தியும்_நூலும் · புதன், இரவு 10.44

டிஎம்ஓ ஐயாவின் ஊசியைப் பற்றி: இரத்தம் வந்தால் அது செய்தி. வராவிட்டால் அது செய்தியே இல்லை. ஸ்கேன் இல்லாத காலத்துக்கு அது பெரிய கெட்டித்தனம்.

படுவான்கரை_எம்ஓ · வியாழன், காலை 5.50

அம்புலன்ஸ் ஏ.சி.யை நிற்பாட்டச் சொல்ல வேண்டும் என்பது எனக்கு இப்போதுதான் உறைக்கிறது. வியர்த்து நனைந்த சேர்ட்டோடு அனுப்பினேன்.

யானை அடித்தவர்களைப் பற்றியும் யாராவது எழுதுங்கள். எங்களுக்கு அறுவடைக்கு முந்திய மாதங்களில் அதுதான் வருகிறது.

வாகரைக்_காற்று · வியாழன், மதியம் 12.32

யானை என்றால் நான் எழுதலாம், மூன்று பேரைக் கண்டிருக்கிறேன். தூக்கி எறிந்ததா, மிதித்ததா என்று முதலில் கேளுங்கள். எறிந்தால் விழுந்த காயம், தலையும் முள்ளந்தண்டும். மிதித்தாலோ முழங்காலால் அழுத்தினாலோ விலா, ஈரல், இடுப்பெலும்பு எல்லாம் ஒன்றாக. வெளியே சேறும் இரண்டு சிராய்ப்பும்தான் இருக்கும், உள்ளே நொறுங்கியிருக்கும்.

இடுப்பு உடைந்ததா என்று பார்க்க இரண்டு கையாலும் அமர்த்தி ஆட்டக் கூடாது. ஆட்டினால் அடைத்த இரத்தம் திறக்கும். சந்தேகம் என்றால் கட்டிலில் விரிக்கும் பெட்ஷீட்டை ஒரு முழ அகலத்துக்கு மடித்து, ஆளுக்குக் கீழே விட்டுச் சுற்றி இறுக்குங்கள். எங்கே சுற்றுவது என்பதில்தான் எல்லோரும் பிழை விடுகிறோம். சாரம் கட்டும் இடத்தில் அல்ல. அதற்குக் கீழே, தொடை எலும்பு பக்கவாட்டில் புடைத்து நிற்கும் இடத்தில். முடிச்சுப் போட்டால் இளகும், அதனால் இரண்டு முனையையும் முறுக்கி, முறுக்கை இரண்டு பக்கமும் ஆர்ட்டரி ஃபோர்செப்ஸால் (கவ்விப் பிடிக்கும் இடுக்கி) கவ்விவிடுவேன். முழங்கால் இரண்டையும் உள்ளே திருப்பிச் சேர்த்துக் கட்டுங்கள். வலியில் கத்திக்கொண்டிருந்தவர் கட்டிய பிறகு வாய் மூடியதைக் கண்டிருக்கிறேன்.

மூத்திர வாயில் இரத்தத் துளி இருந்தால் கதீட்டர் (மூத்திரக் குழாய்) போட வேண்டாம், அப்படியே அனுப்புங்கள்.

குடும்பநலம் · வியாழன், மதியம் 2.10

கர்ப்பிணித் தாய்மாரையும் சேருங்கள். மோட்டார் சைக்கிளில் பின்னால் ஒரு பக்கமாக இருந்து விழுகிறார்கள், "பிள்ளை துடிக்குது, ஒன்றுமில்லை" என்று வீட்டுக்குப் போகிறார்கள். நச்சுக்கொடி பிரிந்தாலும் இரத்தம் வெளியே வராமல் உள்ளேயே தேங்கலாம். 20 கிழமை தாண்டிய தாயை மல்லாக்கப் படுக்க வைக்காமல் இடப்பக்கம் சரித்து அனுப்புங்கள். கிளினிக் கார்ட்டில் இரத்த வகை இருக்கும். நெகட்டிவ் என்றால் போனிலேயே சொல்லிவிடுங்கள்.

வெல்லாவெளிக்காரன் · வியாழன், இரவு 8.26

டொக்டர்மார், நான் வெள்ளாமைக்காரன். விளங்காதது நிறைய, ஆனால் முழுக்க வாசித்தேன். வயலில் ஆளுக்கு அடிபட்டால் நாங்கள் செய்வது எண்ணெய் போட்டு உருவுவது, கோப்பி ஊற்றிக் கொடுப்பது, விடிய முறிவு தறிவு வைத்தியரிடம் கூட்டிப் போவது. இதில் எது பிழை?

இரவு_டியூட்டி_மிஸ்ஸி · வியாழன், இரவு 9.00

மூன்றும்தான் அண்ணன். உருவினால் உள்ளே அடைத்தது திறக்கும். கோப்பி குடித்தால் ஒப்பரேஷனுக்கு மயக்கம் கொடுக்கும்போது வாந்தி நெஞ்சுக்குள் போகும். விடியும்வரை வைத்திருப்பதுதான் எல்லாவற்றிலும் மோசம். கை முறிந்தால் வைத்தியரிடம் போவதைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை, வயிறு வேறு. 1990 அம்புலன்ஸுக்கு அடியுங்கள், காசு இல்லை. லேண்ட்மாஸ்டர் பெட்டியில் போட்டுக் குலுக்கிக்கொண்டு வர வேண்டாம். வீட்டுக்கு விட்ட பிறகும் தலை சுற்றினால், தோள் உளைந்தால், வாந்தி வந்தால், வயிறு இறுகினால் திரும்பி வாருங்கள். "நேற்றுத்தானே பார்த்தார்கள்" என்று இருக்க வேண்டாம். ஒரு கிழமை கழித்தும் மண்ணீரல் உடைந்து வந்த ஆட்கள் உண்டு.

பொத்துவில்_றோட்டு · வியாழன், இரவு 9.41

குடித்துவிட்டு வருகிறவரையும் சேருங்கள். கசிப்பு (கள்ளச்சாராயம்) குடித்த வயிறு எவ்வளவு அமர்த்தினாலும் சிரிக்கும். அந்த வயிற்றைப் பரிசோதித்ததாக நான் எழுதுவதே இல்லை, "பரிசோதிக்க முடியவில்லை" என்றுதான் எழுதுகிறேன்.

படுவான்கரை_எம்ஓ · வெள்ளி, இரவு 11.05

எல்லோருக்கும் நன்றி. நேற்று மிஸ்ஸிமாரோடு இருந்து கதைத்தேன். நாங்கள் ஒத்துக்கொண்டது இவ்வளவு: வயிற்றில் அடி என்று வந்தால் சேலைன் தொங்க முதல் இரத்தம் எடுத்து பெயர் ஒட்டி வைப்பது. அது ஆளோடு அதே வண்டியில் போகும், அங்கே கிராஸ்மேட்சுக்கு (ஏற்றும் இரத்தம் பொருந்துமா என்று பார்ப்பதற்கு) அரை மணி மிச்சம். இரண்டு கையிலும் தடித்த கனுலா (நாளத்தில் போடும் குழாய்). 15 நிமிடத்துக்கு ஒருக்கா சார்ட். மூன்று தடவை தொடர்ந்து நாடி ஏறினால் என்னிடம் கேட்காமலே மிஸ்ஸி டிரைவரை எழுப்பலாம். இரவில் ஒரு மிஸ்ஸிதான் என்றால் வைத்திருப்பதில்லை, 92ஆக இருந்தாலும் அனுப்புவது. ஏசுகிறவர்கள் ஏசட்டும். ஹீமோகுளோபினைப் பார்த்து நிம்மதியடைவதில்லை என்றும் எழுதினோம். அன்று அவருடையது 13.1 இருந்தது, சொல்ல மறந்துவிட்டேன்.

கத்தியும்_நூலும் · வெள்ளி, இரவு 11.18

ஒரு குவளைப் பாலில் பாதியைக் கொட்டினாலும் மிச்சப் பாலின் வெள்ளை குறையாது. தண்ணீர் சேர்ந்த பிறகுதான் குறையும். அதுதான் அந்த 13.1.

மண்ணீரல் எடுத்தவர் இப்போது உங்கள் பகுதிதானே? தடுப்பூசி போட்டாயிற்றா என்று பாருங்கள். நியுமோகொக்கஸ், மெனிங்கோகொக்கஸ், ஹிப் என்ற மூன்று கிருமிகளுக்கும். அவசர ஒப்பரேஷன் என்றால் 14 நாள் கழித்துப் போடுவது நல்லது, அந்த 14 நாளில் ஆள் வீட்டுக்குப் போய் மறந்துவிடுவார். அவருக்கு வரும் காய்ச்சல் ஒவ்வொன்றும் அவசரம், பனடோல் போட்டுப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. மண்ணீரல் இல்லாதவருக்கு மலேரியாவும் கடுமையாக வரும். 2016இல் இலங்கையை மலேரியா இல்லாத நாடு என்று அறிவித்துவிட்டார்கள், இங்கே அந்தப் பயம் இல்லை. ஆனால் ஆபிரிக்கப் பக்கம் வேலைக்குப் போக நினைத்தால் முதலில் எங்களிடம் வரச் சொல்லுங்கள்.

படுவான்கரை_எம்ஓ · திங்கள், மதியம் 12.50

இன்று ஓ.பி.டி.க்கு வந்தார். இரண்டு ஊசி போட்டிருக்கிறது, மெனிங்கோகொக்கஸ் பாக்கி. கிளினிக்குக்குக் கடிதம் கொடுத்தேன். "மண்ணீரல் இல்லை, காய்ச்சல் வந்தால் உடனே அன்டிபயோட்டிக்" என்று ஒரு துண்டில் எழுதி லேமினேட் பண்ணித் தந்தேன், அடையாள அட்டைக்குப் பின்னால் செருகிக்கொண்டார்.

லேண்ட்மாஸ்டரை விற்கவில்லையாம். கைபிடி இரண்டிலும் பழைய சைக்கிள் டியூப்பைச் சுற்றியிருக்கிறாராம்.